பிராண்டுக்கு உண்டு, பேருக்கு இல்லை

கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் சீனக் கம்பெனியை ஜெயித்துவிட்டார் என்று 2016 டிசம்பரில் செய்தி வந்தது. பாதிதான் உண்மை.

ஜோர்டன் என்ற பெயரைச் சீனர்கள் இரண்டு சீன எழுத்துகளில் எழுதி, ஏறக்குறைய 'சியாவ்தான்' என்று சொல்கிறார்கள். அதையே ஒரு விளையாட்டு உடை, காலணி கம்பெனி தன் பெயராக வைத்துக்கொண்டது. போதாதென்று ஜோர்டனுடைய இரண்டு மகன்களின் பெயர்களையும் டிரேட்மார்க்காகப் பதிந்தது. தற்செயலாம்!

2012-ல் ஜோர்டன் வழக்குப் போட்டார். இது அமெரிக்காவில் பலருக்கும் உள்ள குடும்பப் பெயர்தானே என்று கீழ்க் கோர்ட்டுகள் தள்ளிவிட்டன. சீன சுப்ரீம் கோர்ட் இதை ஏற்கவில்லை. முழுப்பெயராக இருக்கணும்னு அவசியமில்லை. மக்கள் அந்தப் பெயரைச் சொன்னால் யாரை நினைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி என்றது. கம்பெனி தெரிந்தே செய்தது என்றும் சொன்னது. இதுவரை அருமையான தீர்ப்பு.

ஆனா அதே பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் தப்பில்லையாம். அந்த எழுத்துக்கூட்டல் ஜோர்டனை மட்டும் குறிக்காது என்பது காரணம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் ப்ரோகிராம் இப்படி யோசிக்கலாம். கடையில் ஷூ வாங்குறவன் காது அப்படி யோசிக்காது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஐந்து வருடக் கெடு. பதிவாகி ஐந்து வருடம் தாண்டிய டிரேட்மார்க்கை, முன்பே இருந்த உரிமையைக் காட்டி ரத்து செய்ய முடியாது. நேர்மையான வியாபாரி காலம் முழுக்கப் பயந்துகொண்டே இருக்கக் கூடாது, சரி. கெட்ட எண்ணத்தோடு பதிந்தவனுக்கு? அதே சட்டத்தில் விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் பிரபலமான டிரேட்மார்க்கின் உரிமையாளருக்கு மட்டும். திருடப்பட்டது பிராண்டாக இருந்தால் கெடு இல்லை. மனுஷன் பேராக இருந்தால் உண்டு. இதற்கு என்ன நியாயம்?

விளைவு 2020 டிசம்பரில் தெரிந்தது. கம்பெனி பெயரை மாற்றணும், மன்னிப்புக் கேட்கணும், மன உளைச்சலுக்கு 3 லட்சம் யுவான் தரணும் என்றது ஷாங்காய் கோர்ட். கெடு தாண்டிய டிரேட்மார்க்குகளுக்கு மட்டும், ஜோர்டனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெளிவுபடுத்தினால் போதும்!

ஜோர்டன் தாமதமாக வந்தார் என்பது உண்மைதான். ஆனால் தெரிந்தே எடுத்தவன் காலத்தைக் காட்டித் தப்பிக்கிற வழியைச் சட்டமே திறந்து வைத்திருக்கக் கூடாது. பிராண்டுக்குத் தந்த விதிவிலக்கை மனிதர்களுக்கும் தந்தாலே அது அடைபட்டுவிடும்.