சமயச் சுதந்திரமும் தொழிலுரிமையும்: ‘குருத்துவ விலக்கு’ பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஒரு சமய நிறுவனம் தன் குருமாரைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமையுடையது என்பதை மறுப்பார் இலர். கத்தோலிக்கத் திருச்சபை பெண்களைக் குருக்களாக அபிடேகஞ் செய்யவில்லை எனக் கூறி ஒருவர் வழக்கிட, அதனை நீதிமன்றம் ஏற்குமாயின், அரசே பலிபீடத்தின் மீது ஏறி அமர்ந்ததாகிவிடும். ஐக்கிய அமெரிக்க நீதிமன்றங்கள் 1972 ஆம் ஆண்டு தொடக்கம் வளர்த்துவந்துள்ள ‘குருத்துவ விலக்கு’ எனுங் கோட்பாடு இவ்வச்சத்தினின்றே பிறந்தது. இனம், பால், வயது, அங்கவீனம் முதலியவை காரணமாகத் தொழிலில் ஓரங்காட்டுவதைத் தடைசெய்யுஞ் சட்டங்கள், குருத்துவப் பணி புரிவோர் விடயத்திற் சமய நிறுவனங்களைக் கட்டுப்படுத்தா என்பது அதன் சாரம். கோட்பாட்டின் பிறப்பில் நாம் குறை காண்பதற்கில்லை. அது இன்று சென்றடைந்துள்ள எல்லையே ஈண்டு நம் ஆய்வுக்குரியது.

மிச்சிகன் மாநிலத்தில் லூதரன் சபையொன்று நடத்திய சிறு பாடசாலையின் ஆசிரியை ஒருவர் 2004 இல் நோயுற்றார். பகற்பொழுதிலும் தன்னையறியாது உறக்கம் மேலிடும் நோய் அது. மீண்டு வந்தபோது அவரிடத்தில் வேறொருவர் அமர்த்தப்பட்டிருந்தார். சட்டத்தை நாடப்போவதாக அவர் கூறினார். 2005 இல் நீக்கப்பட்டார். கணிதமும் விஞ்ஞானமும் சமூகக் கல்வியுங் கற்பித்த அவர், சமய பாடத்திலும் செபத்திலுஞ் செலவிட்ட நேரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 நிமிடங்களே. எனினும், சபையால் ‘அழைக்கப்பட்ட’ ஆசிரியர் என்னும் பட்டமும் இறையியற் பயிற்சியும் அவருக்கிருந்தன. இவற்றையெல்லாங் கருதிய உயர் நீதிமன்றம், 2012 இல், ஒன்பது நீதியரசரும் ஒருமனதாக அவரைக் குருத்துவப் பணியாளராகவே கொண்டது. இதனை மணிக்கூடு கொண்டு அளத்தலாகாது என்ற பிரதம நீதியரசர் றொபேட்ஸின் கருத்து நியாயமானதே. (பூசையிலும் பார்க்கத் திருவிழாக் கணக்கில் அதிக நேரஞ் செலவிடும் குருக்கள்மாரை நாமும் அறிவோம்.)

ஆனால் 2020 ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதனினும் நெடுந்தூரஞ் சென்றுவிட்டது. கலிபோர்ணியாவின் இரு கத்தோலிக்கப் பாடசாலைகளில் இரண்டு ஆசிரியைகள் வேலையிழந்தனர். ஒருவர் தம் வயதே காரணம் என்றார். மற்றவர், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக விடுமுறை கோரியமையே காரணம் என்றார். பாடசாலைகள் கூறிய காரணங்களோ கற்பித்தற் குறைபாடுகள்: வாசிப்புத் திட்டத்தைச் சரிவர நடைமுறைப்படுத்தாமை, வகுப்பறையில் ஒழுங்கின்மை ஆகியன. எப்பக்கத்தாரும் இறையியலைத் தொடவில்லை என்பது கருத்தூன்றத்தக்கது. இருவருக்கும் குருத்துவப் பட்டமும் இல்லை. ஆயினும், மாணவருக்குச் சமயம் புகட்டும் பணி அவர்களிடமிருந்ததால் அவர்தம் வழக்குகள் தடைப்படும் என எழுவர் தீர்த்தனர். நீதியரசர்கள் சோற்றோமேயரும் கின்ஸ்பேர்க்குமே மாறுபட்டனர்.

ஈண்டு 1987 இன் மோர்மன் சபை வழக்கை ஒப்புநோக்குதல் தகும். சோல்ற் லேக் நகரில் அச்சபை பொதுமக்களுக்காக நடத்திய உடற்பயிற்சிக்கூடத்திற் பதினாறு ஆண்டுகள் கட்டடப் பராமரிப்புப் பணிபுரிந்தவர், ஆலயத்துள் நுழைவதற்கான தகுதிச்சான்று பெறாமையால் நீக்கப்பட்டார். உயர் நீதிமன்றம் சபைக்கே சார்பாகத் தீர்த்தது. அத்தீர்ப்பு கடுமையானதே, எனினும் அங்கே நீக்கத்தின் காரணமாவது சமயஞ் சார்ந்தது. 1964 ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைகள் சட்டம் சமய நிறுவனங்களுக்கு அளித்த விலக்கும் அவ்வளவினதே: தன் சமயத்தவரைத் தெரிந்துகொள்ள அவை உரிமையுடையன; ஆனால் இனமோ பாலோ காரணமாக ஒருவரை ஒதுக்க அச்சட்டம் இடமளிக்கவில்லை. குருத்துவ விலக்கோ காரணத்தைக் கேட்பதே இல்லை. பணி இன்னதென்று கண்டவுடன் விசாரணை முடிந்துவிடுகின்றது. இதுவே இக்கோட்பாட்டின் அடிப்படைக் குறைபாடு என்பது என் துணிபு.

இதற்கு எதிரான வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. சபையினரிடையே எழும் பிணக்குகளைச் சபைக்குள்ளேயே தீர்த்தல் வேண்டும் என்பது தம் போதனை எனவும், வழக்கிடுவேன் என்றது அதற்கு மாறானது எனவும் லூதரன் சபை வாதிட்டது. இது மெய்க்காரணமா, வெறுஞ் சாட்டா என ஆராயப் புகும் நீதிபதி, அப்போதனைக்கு அச்சபையில் உள்ள மதிப்பை நிறுக்க நேரிடும். ஆனால், சமயத்தின் பெயரால் மோசடி செய்தோர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர் வழக்கில், 1944 இலேயே இதே உயர் நீதிமன்றம் ஒரு வேறுபாட்டை ஏற்றுள்ளது: நம்பிக்கை உண்மையானதா என நீதிமன்றம் ஆராய்தலாகாது, அதனை அவர் மெய்யாகவே நம்பினாரா என ஆராயலாம். மேலும், வாசிப்புத் திட்டம் பற்றிய முறைப்பாட்டில் நிறுப்பதற்கு எந்த இறையியல் உண்டு?

வழிபாட்டை நடத்தும் குருவுக்கு முழு விலக்கு இருக்கட்டும். ஏனையோர் விடயத்தில், நிறுவனம் சமயக் காரணமொன்றை வெளிப்படையாகக் கூறும்போது மட்டுமே விலக்கு எழுதல் வேண்டும். அப்படியாயின் எல்லா நிறுவனங்களும் அத்தகைய காரணமொன்றைக் கூறக் கற்றுக்கொள்ளும் என்பர். கூறட்டும். கூறியதற்குத் தம் சபையார் முன்னிலையிலேனும் அவை பொறுப்பேற்க வேண்டியிருக்கும்.

புற்றுநோயுற்ற ஆசிரியை 2019 இற் காலமானார். வழக்கை அவர்தங் கணவரே தொடர்ந்தார். அவர் நீக்கப்பட்டமைக்கு நோய் காரணமா, வகுப்பறை ஒழுங்கின்மை காரணமா என்பது எந்த நீதிமன்றிலும் விசாரிக்கப்படவில்லை.