கூலியைக் கேட்காத ஊர்க்கதைகள்

தட்டுவடை செட், குகை வண்டி வேடிக்கை, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, ராசிபுரம் நெய், கொல்லிமலைப் பலா. சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்ச் சங்கதிகளை இலகுவாக எழுதும் மடல்களும் துணுக்குப் பக்கங்களும் இந்தப் பட்டியலையே சுற்றிச் சுற்றி வருகின்றன. குறை சொன்னால் பதில் தயாராக இருக்கிறது: “ஜாலியா எழுதறதுங்க, ஆராய்ச்சியா பண்றோம்?” அந்தப் பதிலோடுதான் எனக்கு வழக்கு.

நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களுக்கு மேல் எடுத்தது என்பது இன்று அந்த வளைவைக் கடக்கும் கல்லூரிப் பிள்ளைக்குத் தெரிகிறதென்றால், அதில் இந்தத் துணுக்குகளுக்குப் பங்கு உண்டு. கொங்குப் பேச்சை எழுத்தில் கொண்டுவரக் கூச்சப்படாததும் நல்லதே.

ஆனால் ஜவ்வரிசியை இவர்கள் எழுதும் விதத்தைப் பாருங்கள். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டுச் சரக்கு நின்றது, குச்சிக்கிழங்கில் செய்து பார்த்தார்கள், பாயசம் இனித்தது, அத்தோடு இவர்கள் கதை முடிந்தது. அதில் வராதது இது: கிழங்கை ஆலைக்கு ஏற்றிப் போகிற வெள்ளாமைக்காரருக்கு மாவுச்சத்துப் புள்ளியைப் பார்த்துத்தான் விலை. அந்தப் புள்ளியைச் சொல்வது வாங்குகிற பக்கம். வியாபாரிகள் பிடியிலிருந்து தப்ப 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் வந்தது. அதில் உறுப்பினர்கள் ஆலைக்காரர்கள், கிழங்கு விளைவித்தவர் வெளியே நிற்கிறார். வெண்மைக்காக ரசாயனம் சேர்ப்பதாக எழும் புகார்களும் ஆலைக் கழிவுநீரும் பாயசக் கதைக்குள் வருவதே இல்லை. இவையெல்லாம் ஜவ்வரிசியின் கதை இல்லையென்றால் வேறு எதன் கதை?

திருச்செங்கோட்டு ரிக் வண்டியும் இப்படித்தான். இந்தியா முழுக்க நம்ம ஊர் போர்வெல் லாரி ஓடுகிறது என்று பெருமைப்படுகிறார்கள். மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் வண்டியோடு அலையும் ஆட்களைப் பற்றி ஒரு பத்தி கிடையாது. அவர்களில் வடமாநிலத்துப் பையன்கள் எத்தனை பேர் என்ற கேள்வி கிடையாது. ஆயிரம் அடி போட்டும் புகை மட்டுமே வந்த காடுகள் அதே நாமக்கல் மாவட்டத்தில் இருக்கின்றன. அதை எழுதினால் பெருமை கெட்டுவிடுமாம்.

திருவிழாவை எழுதும்போது இந்தக் குறை இன்னும் மோசமாகிறது. எந்தத் தெருவுக்குத் தேர் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்பதுதான் எந்த ஊரிலும் முதல் செய்தி. அதை விட்டுவிட்டு அலங்காரத்தையும் பொரிகடலையையும் எழுதுகிறவர் திருவிழாவைப் பார்க்கவே இல்லை.

இதற்குப் பின்னால் பயம் இருப்பது எனக்குத் தெரியும். 2010இல் வந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் கிளம்பிய எதிர்ப்பு, இனி எழுதுவதில்லை என்று 2015 ஜனவரியில் அதை எழுதிய பெருமாள்முருகனை அறிவிக்கவைத்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகும் அந்தப் பயம் முழுதாக விலகவில்லை. ஜாலி எழுத்து பலருக்கு ஒதுங்கிக்கொள்ள ஒரு திண்ணையாகிவிட்டது. சாதி இல்லை, கூலி இல்லை, தண்ணீர்ச் சண்டை இல்லை. யாரும் கோபப்பட மாட்டார்கள். யாரையும் கோபப்படுத்தாத ஊர் எங்கே இருக்கிறது?

சுவையாக எழுதினால் ஆழம் வராது என்பதும் பொய். கி.ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி போட்டார். பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். கி.ரா.வைவிடச் சுவையாக எழுதியவர் யார்? அவர் எழுத்தில் சம்சாரியின் கடனும் மழை பொய்த்த வருஷமும் கூடவே இருக்கின்றன. அவ்வளவு ஏன், 1918இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்டக் கெஜட்டியரைப் புரட்டுங்கள். ஆள வந்த வெள்ளைக்கார அதிகாரி தன் அரசின் தேவைக்காக எழுதியது. அதில்கூடப் பஞ்சமும் சாதியும் தொழிலும் வரிசையாக வருகின்றன. சொந்த ஊர்ப் பிள்ளைகள் அந்த அளவுகூட எழுதவில்லை என்றால் அது வெட்கக்கேடு.

புதிதாக மடல் தொடங்க நினைப்பவர்கள் தொடங்குங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசைப் பற்றித்தான் முதல் இதழ் என்றால், பட்டறையில் உட்கார்ந்து பற்றவைக்கிறவரிடம் ஒரு ஜோடிக்கு என்ன கூலி என்று கேளுங்கள். அவர் சொன்ன தொகையை அப்படியே போடுங்கள்.