‘முடிஞ்சிருச்சுங்க’

பகல் இரண்டரை மணி. பெருந்துறைப் பக்கம் ஓர் ஓட்டுக் கட்டடம். வாசலில் நாலைந்து கார்கள், வேப்பமரத்தடியில் கைகழுவக் குழாய். போகிற வழியில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நம்பி வந்த குடும்பம் ஒன்று இறங்குகிறது. கடைக்காரர் வாசலுக்கே வந்து, பெரிய தப்பு ஏதோ செய்துவிட்டவர்போலக் கையைப் பிசைந்துகொண்டு சொல்கிறார்: “முடிஞ்சிருச்சுங்க. ஒரு போன் பண்ணிச் சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பேனுங்க.”

பசித்த வயிற்றுக்கு இதைவிடக் கொடுமையான சொல் கிடையாது. ஆனால் ஊர்ப்புறங்களில் சாப்பிட்டுப் பழகிய ஆள் இதைக் கேட்டதும் கோபப்பட மாட்டார். மறுபடி வருவதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்வார். தீர்ந்துபோகிற கடையில் சமைத்தது அன்றைக்குச் சமைத்ததாக இருக்கும். எந்நேரமும் எல்லாமும் கிடைக்கிற கடையில் குளிர்பெட்டி பெரிதாக இருக்கும்.

தமிழ்நாட்டில் சோற்றுக்குக் காசு வாங்குவதே ஒரு காலத்தில் கூச்சப்படும் காரியமாக இருந்தது. ராமேஸ்வரம் போகும் யாத்ரிகர்களுக்காக இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் போன்றவற்றில் சோறு இலவசம். ரயிலும் மோட்டாரும் வந்து ஊர்விட்டு ஊர் போவது சாதாரணமான பிறகே காபி கிளப்புகள் பெருகின. தென்பக்கத்துப் பெரியவர்கள் ஓட்டலைக் ‘கிளப்புக்கடை’ என்று சொன்னது அதன் எச்சம். அசைவம் போட்டால் ‘மிலிட்டரி ஓட்டல்’. கிராமத்துக் கடையை ஒரேயடியாக ஆராதிப்பவர்கள், அதே கிராமத்து டீக்கடைகளில் சாதி பார்த்துத் தொங்கிய இரட்டைக் குவளைகளையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. யார் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற பெஞ்சு சும்மா வந்துவிடவில்லை.

துரைமார்களின் ஏற்பாடு தனி. ஊருக்கு வெளியே முசாபரி பங்களா, அதில் ஒரு காவல்காரர், அவரே சமையல்காரர். பயணி வண்டியை விட்டு இறங்குவதைப் பார்த்ததும் முற்றத்தில் மேயும் கோழியைத் துரத்துவார். பயணி குளித்து வருவதற்குள் கோழி மேசைக்கு வந்துவிடும். இந்தப் பதார்த்தத்துக்கு ஆங்கிலோ-இந்தியர் வைத்த கேலிப்பெயர் ‘திடீர்ச் சாவு’. 1886இல் வந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதியில் இதற்குத் தனிப் பதிவே உண்டு. அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். எத்தனை பங்களாக்களில் அவருக்காகக் கோழி ஓடியதோ!

ஆள் வந்த பிறகே அடுப்பு என்ற அந்த வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கும் இடம் ஒகேனக்கல். அருவிக்குப் போகிற வழியில் மீனை விலைபேசி வாங்கிக் கொடுத்தால், வரிசையாக அடுப்பு வைத்திருக்கும் பெண்கள் குழம்போ வறுவலோ கேட்டபடி செய்து தருவார்கள். கங்கைக் கரையின் கட்லாவும் ஆப்பிரிக்காவின் ஜிலேபியும் காவிரிக்குக் குடிவந்து, அந்தப் பெண்களின் மிளகாய்த்தூளில் புரண்டு தர்மபுரிக்காரர்களாகிவிட்டன. எண்ணெய்க்குளியல் போட்டு, அருவியில் தலைகாட்டி வந்தவருக்கு அந்த மீன் எப்படி இருந்தாலும் ருசிக்கும் என்பது வேறு விஷயம்.

கொங்குப் பக்கம் திரும்பவும் வரலாம். அசைவச் சாப்பாட்டில் அங்கே ஒரு சிக்கனம் உண்டு. கஞ்சத்தனத்தோடு அதைச் சேர்க்கக் கூடாது. ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே இருக்கும் ஊர் பள்ளிபாளையம். அந்த ஊர்ப் பெயரால் இன்று தமிழ்நாடு முழுக்க விற்கிற கோழி வறுவலில் என்னதான் இருக்கிறது? சின்ன வெங்காயம், விதையை உதறிய வரமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், பல்லுப்பல்லாக நறுக்கிய தேங்காய், எண்ணெய், உப்பு. மல்லித்தூள் இல்லை, தக்காளி இல்லை, கரம் மசாலா வாசனையே கூடாது. கோழி தன் தண்ணீரிலேயே வேக வேண்டும். மறைத்துக்கொள்ள மசாலா இல்லாததால் கோழி பழசாக இருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். பெரிய நகரத்து ஓட்டல்களில் இதே பெயரில் சிவப்புக் குழம்பு ஊற்றித் தருகிறார்கள். அதைப் பற்றிப் பேசாமல் நகர்வதே மரியாதை.

பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்தில் ஒரு தம்பதி தொடங்கி நடத்திய ‘யூபிஎம் நம்ம வீட்டு சாப்பாடு’ இந்த வழியின் உச்சம். மெனு கார்டு கிடையாது. உட்கார்ந்தால் இலை, அதில் குடல், ரத்தப் பொரியல், ஈரல், ஆட்டுக்கறி, நாட்டுக்கோழி என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கும். ஒருவர் ஒன்றைத் தொடாமல் வைத்திருந்தால் “ஏனுங்க, புடிக்கலைங்களா?” என்று கேட்க ஆள் வரும். ஓட்டலில் காசு கொடுத்தவருக்கு இருக்கும் அதிகாரம் அங்கே செல்லாது. கல்யாண வீட்டில் பெண்வீட்டாரிடம் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளைத் தோழன் கதைதான்.

இப்படிக் கறி போடும் கடைகளில் சமையலைத் தீர்மானிப்பது ஆடுதான். ஒரு வெள்ளாட்டுக்கு ஈரல் ஒன்று, சுவரொட்டி என்கிற மண்ணீரல் ஒன்று, தலை ஒன்று. பன்னிரண்டரைக்கு வருபவருக்குச் சுவரொட்டி கிடைக்கும். ஒன்றரைக்கு வருபவருக்குக் குழம்பும் எலும்பும். அதற்கு மேல் வருபவருக்கு வேப்பமர நிழல். கூடுதலாக வேண்டும் என்றால் இன்னோர் ஆடு அறுக்க வேண்டும், அறுத்தால் மிஞ்சும், மிஞ்சினால் நாளைக்கு. அந்த ‘நாளைக்கு’ வேண்டாம் என்று தீர்மானித்த கடைதான் இரண்டரை மணிக்குக் கதவைச் சாத்துகிறது.

தெற்கே போனால் நேரம் தலைகீழ். பரோட்டா பொழுது சாயும்போது எழுகிற ஜீவன். குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில், தலை துவட்டியும் துவட்டாமலும் கூட்டம் செங்கோட்டைச் சாலையில் பிரானூரை நோக்கிப் போகும். அங்கே இருப்பது ரஹ்மத் கடை. ஊர்ச்சனத்துக்கு ‘பார்டர் கடை’. வெளியூர்க்காரர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கேரள எல்லை எங்கே என்று கேட்பார்கள். எல்லை அங்கே இல்லை. புளியரையைத் தாண்டி மலைமேல் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்தது. சென்னை மாகாணம் பிரானூரோடு முடிந்தது. மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது எல்லை மேற்கே நகர்ந்துவிட்டது; பெயர் மட்டும் நகர மறுத்துப் பரோட்டாக் கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பரோட்டா உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் பூப்போல இதழ். இலையில் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றியதும் ஓட்டம் தொடங்குகிறது: மேலடுக்கு ஊறியிருக்க வேண்டும், கீழடுக்கில் மொறுமொறுப்பு மிச்சம் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற நேரம் கொஞ்சம்தான். போனில் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது கிடைப்பதில்லை. நாட்டுக்கோழி வறுவல் துண்டு பல்லுக்கு வேலை வைக்கும், வைக்கத்தான் வேண்டும். எண்ணிக்கை மறந்துபோய் “அண்ணாச்சி, இன்னும் ரெண்டு” என்று குரல் கொடுத்தவர்கள், சாப்பிட்டது எத்தனை என்பதைக் கல்லாவில்தான் தெரிந்துகொள்வார்கள்.

விருதுநகர் பரோட்டா வேறு குலம். ஓரம் உயர்ந்த அகலமான கல்லில் எண்ணெயை நிரப்பி அதிலேயே வேகவைக்கும் எண்ணெய்ப் பரோட்டா. எடுக்கும்போது பொன்னிறம், தொட்டால் நொறுங்கும். பர்மா கடை போன்ற பெயர்பெற்ற இடங்களில் அதை நொறுக்கிப் போட்டுச் சால்னா ஊற்றி, பக்கத்தில் மட்டன் சுக்காவும் கரண்டி ஆம்லெட்டும் வைப்பார்கள். இந்த ஊரில் மட்டும் பரோட்டா ஏன் எண்ணெயில் இறங்கியது? எண்ணெய், பருப்பு, மிளகாய் வற்றல் எல்லாவற்றுக்கும் விலை சொல்கிற சந்தை விருதுநகர். ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ படித்து வியாபாரம் செய்தவர்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. எண்ணெய் டின்களுக்கு நடுவே வளர்ந்த ஊர் கரண்டியளவில் எண்ணெய் விடுமா என்ன? ஆதாரம் கேட்டால் காட்ட முடியாத ஊகம்தான். இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு அது போதும்.

செங்கோட்டை இந்தப் பக்கம் வந்த அதே நாளில், மலபார் மாவட்டத்தோடு பாலக்காடு அந்தப் பக்கம் போனது. அப்படிப் போன ஊர்களில் ஒன்று எலப்புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ராமசேரி. காஞ்சிபுரத்திலிருந்து நெசவுக்காக இடம்பெயர்ந்த முதலியார் குடும்பங்கள் தங்கள் இட்லியையும் கூடவே கொண்டுபோனதாக அங்கே சொல்கிறார்கள். தறி நின்றுவிட்டது, இட்லி நிற்கவில்லை. ஊரில் இன்று அதைச் செய்கிற வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் சரஸ்வதி டீ ஸ்டால் பேர்பெற்றது.

இட்லி என்றதும் மனத்தில் வரும் உருவம் அங்கே உதவாது. ராமசேரி இட்லி தட்டையானது; தோசைக்குத் தம்பி, ஆப்பத்துக்கு மைத்துனன். மண் வளையத்தின் வாயில் நூலை வலைபோலப் பின்னி, மேலே ஈரத்துணி விரித்து, அதில் மாவை ஊற்றுகிறார்கள். அப்படி நாலைந்து வளையங்களைக் கொதிக்கும் பானைமேல் அடுக்கி விறகடுப்பில் வேகவைக்கிறார்கள். ஒரு வளையத்துக்கு ஓர் இட்லி. நகரத்து ஓட்டலில் ஒரு கொப்பரை திறந்தால் ஐம்பது அறுபது விழும்; இங்கே ஒரு பானை திறந்தால் ஒரு கைதான். தொட்டுக்கொள்ளப் பொடியும் எண்ணெயும். வாயில் வைத்தால் முதலில் துணியின் ஈரம் பட்ட மென்மை, பிறகு விறகுப்புகையின் சாயல். மறுநாளும் கெடாது என்பது ஊர்க்காரர்களின் பெருமை. மறுநாள் வரை மிச்சம் வைத்துச் சோதித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!

இவ்வளவும் பெஞ்சு போட்ட கடைகள். மெத்தையில் தூங்கி எழுந்து, அங்கேயே சாப்பிடும் விடுதிகளும் ஊர்ப்புறத்தில் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை நகரத்து பஃபேயைக் கொண்டுவந்து கிராமத்துக் காற்றில் ஆறவைக்கின்றன; பன்னீர் பட்டர் மசாலாவுக்காக யாரும் செட்டிநாடு வரை போக வேண்டியதில்லை. விலக்கு, காரைக்குடியில் 1999இல் திறந்த ‘தி பங்களா’. மீனாட்சி மெய்யப்பன் தம் குடும்பத்துக் கட்டடத்தைத் தங்கும் விடுதியாக்கி, வீட்டுச் சமையலை இலையில் போட்டார். அங்கும் சாப்பிடப் போவதாக முன்னாலேயே சொல்ல வேண்டும்.

செட்டிநாடு என்றாலே காரம் என்று நம்பிக்கொண்டு அங்கே போகிறவர்களுக்குத் திகைப்பு காத்திருக்கிறது. அந்தச் சமையலின் நுட்பம் மண்டியில் இருக்கிறது. அரிசி களைந்த கழுநீரில் புளி கரைத்து, வெண்டைக்காயையோ மொச்சையையோ வேகவைப்பார்கள். பர்மாவில் வட்டிக்கடை வைத்து மாளிகை கட்டியவர்கள், தண்ணீர் குறைந்த சீமையின் கழுநீரை வீணாக்க மனமில்லாமல் கறியாக்கினார்கள். அதே பர்மாவிலிருந்து வந்த கறுப்பரிசி, கவுனி அரிசியாகி, தேங்காயும் சர்க்கரையும் சேர்ந்து இலையின் ஓரத்தில் வந்து உட்காருகிறது. கடல் தாண்டிய செல்வமும் கிணற்றடிச் சிக்கனமும் ஒரே இலையில் இருக்கும் சாப்பாடு வேறெங்கே கிடைக்கும்?

இனிக் கொஞ்சம் புலம்பல். நாற்கரச் சாலைகள் ஊர்களைச் சுற்றிக்கொண்டு போனபோது, ஊருக்குள் இருந்த பழைய ஓட்டல்களின் பகல் வியாபாரம் பாதியாய்ப் போனது. அந்த இடத்தை நிரப்பியவை, பேருந்து ஓட்டுநருக்கு இலவசச் சாப்பாடு போட்டுப் பயணிகளிடம் வசூலித்துக்கொள்ளும் சாலையோர மோட்டல்கள். கும்பகோணத்திலிருந்து இருநூறு மைல் தள்ளிக்கூட ‘கும்பகோணம் டிகிரி காபி’ப் பலகையும் பித்தளை டபராவும் பளபளக்கின்றன. காபியில் சில இடங்களில் குறை சொல்ல முடியாது. குறை என்னவென்றால், எந்தச் சாலையில் நின்று குடிக்கிறோம் என்பதை அந்தக் காபி சொல்லாது. பார்டர் பரோட்டா சொல்லும். ராமசேரி இட்லி சொல்லும்.

விடுமுறையில் காரை எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவு தங்கும் ஊரை முடிவு செய்வதற்கு முன்னால், பகலில் சாப்பிடும் ஊரை முடிவு செய்துகொள்ளுங்கள். கொங்குப் பக்கம் என்றால் முதல்நாளே ஒரு போன், பன்னிரண்டரைக்கு இலைமுன். ராமசேரி என்றால் காலைப்பசியோடு போய் இறங்குங்கள். விருதுநகருக்கு வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். பகலில் பரோட்டாக் கல் சூடேறியிருக்காது.