முகப்பில் மகள் பெயர்

நாமக்கல் பட்டறைக்கு வெறும் சேஸாக வரும் லாரி, கேபினும் பாடியும் கட்டி, பெயின்ட் அடித்த பிறகு அடையாளமே மாறி வெளியே போகிறது. கடைசி வேலை எழுத்துக்காரருடையது. கண்ணாடிக்கு மேலே குலதெய்வத்தின் பெயரை மஞ்சளில் எழுதிச் சிவப்பில் நிழல் கொடுப்பார். அதன் கீழே ஓனரின் மகள் பெயர். முதல் ஓட்டத்தன்று வீட்டுப் பெண்கள் ஆரத்தி எடுக்க, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும்.

இந்தக் கைவேலையைக் குறைத்து மதிப்பிட முடியாது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் மழையை நம்பிக் கிடந்த எத்தனையோ குடும்பங்களை லாரியும் போர்வெல் ரிக்கும்தான் கைதூக்கி விட்டன. வடநாட்டு தாபா வாசலிலும் “நம்ம ஊரு பாடி” என்று டிரைவர்கள் தூரத்திலேயே கண்டுகொள்வார்கள்.

ஆனால் அந்தப் பெருமையில் பெண்ணுக்குக் கிடைத்த இடம் பெயர்ப்பலகை மட்டுமே. ஆர்.சி. புத்தகம் மனைவி பேரில் இருக்கும், கடன் பத்திரத்தில் அவர் கையெழுத்தும் இருக்கும். ஸ்டீயரிங்கிலோ பட்டறையிலோ அவரைப் பார்ப்பது அபூர்வம்.

அமெரிக்காவில் மெக்சிகோ வம்சாவளியினர் பழைய செவ்ரொலே கார்களைத் தரையொட்டத் தாழ்த்தி, வண்ணம் தீட்டி ஓட்டும் ‘லோரைடர்’ வழக்கமும் இப்படித்தான் வளர்ந்தது. 1977-இல் சான் ஹோசேவில் தொடங்கிய ‘லோரைடர்’ இதழின் அட்டையில் பெண்கள் காருக்கு அலங்காரமாகவே நெடுங்காலம் நின்றார்கள். சிகானா எனப்படும் அந்த வம்சாவளிப் பெண்கள் அதோடு விடவில்லை. சொந்தக் கார் வாங்கினார்கள், தாங்களே ஓட்டினார்கள், பெண்களுக்கென்றே கிளப் அமைத்தார்கள்.

நாமக்கல் பெண் ஒருவர் பெண்களைத் திரட்டியதற்குக் காரணமே வேறு, வலி மிகுந்தது. லாரி டிரைவரான கணவரிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றிய நாமக்கல் பெண் கௌசல்யா, 1998-இல் தன்னைப் போன்ற பெண்களோடு சேர்ந்து பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார். லாரித் தொழிலின் செழிப்பை எழுதுகிறவர்கள், வீட்டிலிருந்த பெண்கள் கொடுத்த இந்த விலையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நெடுந்தூர ஓட்டம் பெண்ணுக்கு ஒத்துவராது என்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-லேயே அரசு பஸ் ஓட்டுநராகிவிட்டார். வழியில் கழிப்பறை இல்லை, இரவில் நிறுத்தப் பாதுகாப்பான இடம் இல்லை என்ற குறை உண்மை. அதைத் தீர்க்க வேண்டியது அரசும் உரிமையாளர்களும். எழுத்துவேலைக்கும் வயரிங்குக்கும் அந்தச் சாக்குக்கூடக் கிடையாது. புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்பதால் பட்டறைகள் புது வேலை பழகியாக வேண்டும். அந்தப் பயிற்சிக்குப் பெண்களையும் இப்போதே சேர்க்கலாம்.