அழைப்பு உடையாமலிருக்க ரவுட்டரில் ஒரு வரிசை

சிங்கப்பூரிலிருந்து அக்கா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் அக்கா பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும். நான் பேசுவது அங்கே துண்டு துண்டாகப் போய்ச் சேரும். வெகுநாள் அக்காவின் போனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பேசிக்கொண்டே லேப்டாப்பில் பிங் ஓடவிட்டேன். 20 மில்லிநொடியில் திரும்பிக்கொண்டிருந்தது, மனைவியின் போன் கல்யாணப் போட்டோக்களை பேக்கப் எடுக்கத் தொடங்கியதும் 800-ஐத் தொட்டது.

எங்கள் அப்லோடு 5 எம்பிபிஎஸ். குரல் அழைப்புக்கு அதில் 0.1 போதும். ஆனால் பேக்கப் அனுப்புவது மோடத்துக்குள் அரை மெகாபைட் தேங்கினாலே 0.8 நொடி தாமதம். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் பரிந்துரை.

முதலில் ரவுட்டரிலேயே இருந்த க்யூஓஎஸ் என்ற முன்னுரிமை வசதியில் என் போனுக்கு 'ஹை' போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. நெரிசல் மோடத்தில் இருக்க, ரவுட்டர் தரும் சலுகையை அங்கே யார் மதிப்பார்கள்? அடுத்து மனைவியின் போனுக்கு 2 எம்பிபிஎஸ் உச்சவரம்பு. அழைப்பு சீரானது, ஆனால் யாரும் பேசாத நடுராத்திரியிலும் பேக்கப் நொண்டியது. காலையில் விசாரணை நடந்தது.

கடைசியாக ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளை ஏற்றி, வரிசையைக் கவனிக்கும் அதன் எஸ்க்யூஎம் வசதியில் 'கேக்' முறையைத் தேர்ந்தெடுத்தேன். அப்லோடு 4,500 கிலோபிட் என்று கொடுத்தேன். உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்தால்தான் வரிசை மோடத்தை விட்டு ரவுட்டருக்கு வரும். அங்கே கேக் செய்வது எளிது: ரேஷன் கடையில் பத்து கார்டோடு நிற்பவருக்கு ஒரு கார்டுக்குப் போட்டுவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடுகிற கடைக்காரர் மாதிரி. குரல் பாக்கெட் சின்னது, உடனே கிளம்பிவிடும். எது வாட்ஸ்அப், எது ஜூம் என்று பட்டியல் போடும் வேலையே இல்லை. பேக்கப் ஓடும்போதே பிங் 28. பத்து சதவீத வேகம் போனது, போகட்டும்.

டவுன்லோடுக்கு இன்னும் தாராளமாகக் குறைக்க வேண்டும். வந்து சேர்ந்த பாக்கெட்டைத்தானே நாம் தள்ளிவிட முடியும். சிபியுவைத் தொடாமல் பாக்கெட்டைக் கடத்திவிடும் ஹார்ட்வேர் ஆஃப்லோடை அணைக்காவிட்டால் டிராஃபிக் எஸ்க்யூஎம்மைத் தொடாமலே போய்விடும். அணைத்தபின் சுமை முழுக்க சிபியு தலையில். பழைய மலிவு ரவுட்டரில் பெரிய பிளான் என்றால், 2018-இல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்த கேக்கைவிட, 2012-இலேயே வந்துவிட்ட எஃப்க்யூ-கோடல் என்ற வரிசை முறை இலகு. வேகம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் 4ஜி இணைப்புக்கு இப்படி ஒரே எண்ணைக் கொடுத்துவைப்பது சரிப்படாது. இரண்டு சுவர் தாண்டி அடுப்படியில் திணறும் வைஃபைக்கும் இதில் மருந்தில்லை.

போன மாதம் அப்லோடு 20 எம்பிபிஎஸ் தரும் பிளானுக்கு மாறினோம். ஒரு வாரம் வேகமே ஏறவில்லை. இணைப்பு கொடுத்தவரிடம் இரண்டு தடவை சண்டை போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது: ரவுட்டரில் அந்த 4,500 அப்படியே கிடந்தது.