பெயரும் தாளும்: சங்கத் தாவர அடையாளங்கள் குறித்து மொன்றியலிலிருந்து ஒரு மதிப்பீடு

சங்க இலக்கியத் தாவரங்களைப் பற்றிய நம் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பை உடையன. பாடலில் வரும் பெயர் ஒருபுறம். அதற்கெதிரே ஓர் இலத்தீன் பெயர். இரண்டுக்கும் இடையில் நிற்கவேண்டிய செடி மட்டும் அங்கு இல்லை. உலர்தாவரகங்கள் பெயர்களைக் கையாளும் முறையோடு ஒப்பிடும்போது இக்குறையின் அளவு புலனாகும்.

மொன்றியல் பல்கலைக்கழகத்தின் மரி-விக்தோரன் உலர்தாவரகம் 1920இல் தோன்றியது; அதில் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. ஒரு தாளில் செடி ஒன்று, பெயர்ச்சீட்டுகள் பலவாகலாம். பின்வந்த அறிஞர் மாறுபட்ட முடிவுக்கு வந்தால் முன்னவரின் சீட்டைக் கிழிப்பதில்லை. தம் பெயரையும் ஆண்டையும் குறித்த சீட்டொன்றை அருகில் ஒட்டுகிறார். தரவுத்தளத்திலும் அடையாளம், அடையாளங்கண்டவர், கண்ட நாள் ஆகியன தனித்தனிப் புலங்கள். பெயரின் இன்றைய நிலையைக் கூறும் பட்டியல் வேறு. கனடாவின் வாஸ்குலார் தாவரங்களுக்கு அங்கு உருவான 'வாஸ்கன்' அத்தகையது. ஏற்கப்பட்ட பெயரும் இணைப்பெயர்களும் அதில் பிரித்துக் காட்டப்படுகின்றன. பிரெஞ்சு வழக்குப்பெயர் ஆங்கிலப் பெயரின் நிழலாக அன்றித் தனக்குரிய இடத்தில் நிற்கிறது. கியூபெக்கில் இது வியப்பன்று.

இப்பிரிவினையின் தேவையைக் கருவேலம் உணர்த்தும். 1753இல் லின்னேயஸ் இதனை மிமோசா நிலோட்டிகா என்றார். பின்னர் அது அக்கேசியா ஆயிற்று. அப்பேரினத்தின் வகைமாதிரியாகவும் கருவேலமே கொள்ளப்பட்டது. 2005இல் வியன்னா மாநாடு அத்தகுதியை ஓர் ஆஸ்திரேலிய இனத்துக்கு மாற்றியது. 2011இல் மெல்பர்ன் மாநாடு அதனை உறுதிசெய்தது. இன்று நம் மரம் வாச்செல்லியா நிலோட்டிகா. கண்மாய்க்கரையில் நிற்கும் மரத்தில் ஓர் இலையும் மாறவில்லை. பழைய நூலில் அக்கேசியா என்றிருப்பது பிழையன்று; இணைப்பெயர்ப் பட்டியல் நம்மை எளிதில் கரைசேர்க்கும்.

குறிஞ்சியின் சிக்கல் வேறு. ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானாவை பிரேமகாம்ப் 1944இல் ஃப்ளெபோஃபில்லம் என்ற பேரினத்தில் வைத்தார்; பிற்காலத்தார் மீண்டும் பழைய பேரினத்துக்கே கொணர்ந்தனர். இது வகைப்பாட்டு மாற்றம், தரவுத்தளம் தீர்க்கவல்லது. ஆனால் பல்லாண்டுக்கு ஒருமுறை பூக்கும் ஸ்ட்ரோபிலாந்தஸ் இனங்கள் மேற்குத்தொடர்ச்சி மலையில் இன்னும் சில உள்ளன. கபிலர் கண்ட குறிஞ்சி இவற்றுள் எது, அல்லது அச்சொல் பலவற்றுக்கும் பொதுவா என்னும் வினாவுக்கு எந்த இணைப்பெயர்ப் பட்டியலும் விடை தராது. பெயர்மாற்றத்தையும் அடையாளச் சிக்கலையும் நம் ஆய்வுலகம் ஒன்றாகவே கருதி வந்துள்ளது. என் கருத்தில் நம் பட்டியல்களின் அடிப்படைக் குறை இதுவே.

கு. சீநிவாசனின் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' (1987) சங்கப் பெயர், பிற்கால இலக்கியப் பெயர், உலக வழக்குப் பெயர், தாவரப் பெயர் எனப் பிரித்துத் தருகிறது. கணினிக்கு முற்பட்ட தரவுத்தளம் என்றே அதனைச் சொல்லலாம். அதிலிருந்து எடுத்தாள்வோர் முதற்புலத்தையும் இறுதிப்புலத்தையும் மட்டும் கொண்டு இடைப்பட்டவற்றை விட்டுவிடுகின்றனர். நச்சினார்க்கினியர் குறிஞ்சிப்பாட்டின் மலர்களுக்குத் தரும் விளக்கங்களையும் காலங்குறித்த பெயர்ச்சீட்டுகளாகவே கொள்ளவேண்டும்: உரையாசிரியரின் முடிபு இது, அவர் காலத்து வழக்கு இது என்று. கபிலரின் சொல்லோடு அதனை ஒட்டிவிடலாகாது.

தரவுத்தளங்களும் குறையற்றவை அல்ல. வழக்குப்பெயரை அவை பெரும்பாலும் இனத்தோடு பிணைக்கின்றன, ஊரோடு பிணைப்பதில்லை. குளோரியோசா சூபர்பாவை ஈழத்தார் கார்த்திகைப்பூ என்பர். தமிழ்நாட்டு உழவர் கண்வலிக்கிழங்கு என்பர். புலவர் காந்தள் என்பர். மூன்றையும் ஒரே புலத்தில் காற்புள்ளியிட்டு நிரப்பினால், யாருடைய சொல், எவ்விடத்துச் சொல் என்பது அழிந்துபோகும். சேகரித்தவர் ஊர்ப்பெயரோடு தமிழ்ப்பெயரையும் குறித்த தாள்கள் கோயம்புத்தூர் மதராஸ் உலர்தாவரகம், திருச்சி ராப்பினா உலர்தாவரகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஆகிய இடங்களில் தேடற்குரியன. இனிவரும் சங்கத் தாவர நூல், இலத்தீன் பெயரின் அருகே அத்தகைய தாளொன்றின் எண்ணையும் தருதல் வேண்டும்.