வாயிலும் வாயிலோனும்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் காவல் வாயில்கள் பல. கோணேசர் ஆலயத்துக்குச் செல்லும் அடியார், இராணுவம் நிலைகொண்டுள்ள பிரெட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே செல்கின்றனர். 1957ஆம் ஆண்டுவரை பிரித்தானியர் வசமிருந்த கடற்படைத் தளத்தின் வாயில், பின்னர் இலங்கைக் கடற்படையின் காவலுக்கு மாறிற்று. 2009ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னர் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் பெருகிய சுற்றுலா விடுதிகளின் வாயில்கள் இவ்வரிசையில் புதியன. விடுதிகளிலும் மதுச்சாலைகளிலும் சீருடையுடன் நிற்கும் வாயிற்காவலர் இலக்கிய மாணவரின் கவனத்துக்கு உரியவராகக் கருதப்படுவதில்லை. ஆயின், வாயிலோன் தமிழிலக்கியத்துக்குப் புதியவன் அல்லன். அவனது பணி தடுப்பதா, அறிவிப்பதா என்னும் வினாவும் பழையதே.

'வாயில்' என்னும் சொல்லே இவ்வினாவுக்கு ஒரு விடை தருகின்றது. அகப்பொருள் மரபில் அச்சொல் கதவுள்ள இடத்தை மட்டும் குறிப்பதன்று. ஊடல் கொண்ட தலைவிக்கும் தலைவனுக்கும் இடையே தூது செல்லும் பாணன், தோழி முதலியோரையும் அது குறிக்கும். வாயில் வேண்டல், வாயில் மறுத்தல், வாயில் நேர்தல் என்பன அம்மரபின் துறைகள். புறத்தே நிற்பவரின் சொல்லை அகத்தே சேர்ப்பதே வாயிலின் இயல்பு என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளது.

புறநானூற்றின் 206ஆம் பாட்டில், அதியமான் பரிசில் நீட்டித்தபோது ஔவையார் அவனது வாயிலோனை விளித்துப் பேசுகின்றார். சினம் மன்னன்மீது, சொல்லோ வாயிலோனிடம். அரசன் தன் தரத்தை அறியானோ, தம் தரத்தை அறியானோ என அவர் வினவுவது, வாயிலோன் அதனைத் தன்மீது சாட்டிய பழியாகக் கொள்ளாது உள்ளே சேர்ப்பான் என்னும் நம்பிக்கையினாலேயே பொருள் பெறுகின்றது.

சிலப்பதிகார வழக்குரை காதையில் இப்பணி உச்சநிலை அடைகின்றது. ஒற்றைச் சிலம்புடன் நிற்கும் கண்ணகியைக் கண்ட காவலன் அஞ்சுகின்றான். கொற்றவையோ, காளியோ எனத் தோன்றுமாறு இருப்பினும் அவள் அவரல்லள் என்கின்றான்; கணவனை இழந்தவள், கையிற் சிலம்பினள், வாயிலில் நிற்கின்றாள் என உள்ளதை உள்ளவாறே உரைக்கின்றான். அவனது அச்சம் அவனது அறிக்கையைத் திரிக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. கோவலனைக் கேட்பாரின்றிக் கொன்ற நகரில், கண்ணகியின் வழக்கு மன்னன் செவிக்கு எட்டியது இவ்வெளிய பணியாளனின் வாய்மையினாலேயாகும்.

இவற்றைக் கொண்டு பண்டைய வாயில்கள் யாவர்க்கும் திறந்திருந்தன எனக் கொள்ளுதல் பொருந்தாது. இப்பாட்டு வாயிலை அடைந்து, பாடவும் வல்லவராயிருந்த ஒருவரது குரல். வாயிலை அணுகவும் இயலாதவர் பாடி வைக்கவில்லை. எனினும், வாயிலோன் இவ்வாறு இருத்தல் வேண்டும் என்னும் இலட்சியம் ஒன்றை இந்நூல்கள் நமக்கு விட்டுச் சென்றுள்ளன.

அவ்விலட்சியத்தின் எதிர்நிலையை பிரான்ஸ் காஃப்கா 1915இல் வெளியிட்ட 'சட்டத்தின் முன்' என்னும் சிறுகதையிற் காணலாம். அங்கு வாயிற்காவலன் கதவை மூடுவதுமில்லை. வந்தவனை உள்ளே விடுவதுமில்லை. 'இப்போது இயலாது' என்பதே அவன் விடை. கிராமத்து மனிதன் ஆயுள் முழுதும் காத்திருந்து இறக்கின்றான். அவனது சொல் உள்ளே சென்றதற்கான அடையாளம் எதுவுமில்லை. மதுரைக் காவலன் செய்ததைச் செய்யாமையே இக்காவலனின் கொடுமை.

இன்றைய விடுதி வாயில் இவ்விரண்டினுள் எதனைச் சார்ந்தது? காவலின் தேவையை மறுத்தற்கில்லை. மது மிகுந்தோரின் சண்டையிலிருந்து ஏனையோரைக் காப்பதும், 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்கப்படாதிருக்க வயதை உசாவுவதும் நேரிய பணிகளே. பிரித்தானியாவில் 2001ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொழிலுக்கு உரிமம் வேண்டும் என விதித்தது. இங்கெல்லாம் மறுப்புக்குக் காரணம் சொல்ல இயலும்.

ஆனால் 2024 பெப்ரவரியில், தென்கரையிலுள்ள உணவட்டுனவில் வெளிநாட்டார் சிலர் ஏற்பாடு செய்த இரவு விருந்தின் விளம்பரம் வாயிலில் 'முகக் கட்டுப்பாடு: வெள்ளை' என அறிவித்தது. மக்கள் கொதித்தெழ, விருந்து கைவிடப்பட்டது. அவ்விருந்து நடந்திருப்பின், சொந்த நாட்டவரைத் தோல்நிறம் கண்டு திருப்பியனுப்பும் இழிபணி வாயிலில் நிறுத்தப்பட்டவர் தலையிலேயே விழுந்திருக்கும். கட்டளை உள்ளிருப்பவருடையது, பழி வாயிலில் நிற்பவருக்கு.

இதனைக் கண்டிக்கும் உரிமை நமக்குண்டு. ஆயின் நமது வாயில்களையும் நாம் நோக்குதல் வேண்டும். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் தடுக்கப்பட்டனர். தேநீர்க்கடை வாயில்களும் போராட்டத்தினாலேயே திறந்தன. அப்போராட்டங்களில் முன்னின்ற கே. டானியல் அவற்றைத் தமது 'பஞ்சமர்' நாவலிற் பதிந்தார். அங்கு தடுத்து நின்றோர் கூலிக் காவலரல்லர். தாமே காவலராகி நின்ற சாதிமான்கள். ஆதலின், குறை சீருடையில் இல்லை என்பது தெளிவு.

ஒருவர் செய்ததைக் காரணமாக்கித் தடுப்பது காவல். ஒருவர் இன்னார் என்பதைக் காரணமாக்கித் தடுப்பது ஒடுக்குமுறை. முன்னதற்குக் காரணம் கூறலாம். தடுக்கப்பட்டவரின் மறுமொழியும் உள்ளே சென்று சேரலாம். பின்னதில் மறுமொழிக்கு இடமேயில்லை. மதுரைக் காவலன் தனக்குத் தோன்றிய அச்சத்தை நீக்கிவிட்டு, நிற்பவளின் வழக்கைச் சொன்னான். வாயில்கள் மலிந்த திருகோணமலையிலும் வாயிற்காவலரிடமும், அவரை அங்கு நிறுத்தியவரிடமும் எதிர்பார்க்கவேண்டியது அவ்வாய்மையே.